நார்வே மீனின் செவுள்

மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபம் பகுதியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. நார்வே நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றிலிருக்கும் பள்ளியோடு வீடியோவில் பேச ஏற்பாடானது. இங்கிலீஷ் டீச்சர் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தலைமையாசிரியை பட்டுப்பாவாடை, குத்துவிளக்கு, கோலம் என்று அடுக்க ஆரம்பித்தார். விடிந்தால் படகும் வலையும் பார்க்கிற பிள்ளைகள், குத்துவிளக்கை வாடகைக்குத்தான் எடுக்கணும் மேடம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

முதலில் பேச, ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்தேன். அவள் அம்மா துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறவர். பள்ளி வாசலில் அவள் போடும் சண்டை தெருமுனை வரை கேட்கும். என் பீரியடில் மட்டும் வாயே திறக்க மாட்டாள். அந்த வாயைத் திறக்க வைக்காமல் விடுவதில்லை என்று எனக்கொரு வீம்பு.

"இவ சொதப்பினா இந்த வீடியோ வேலையே இனி கிடையாது டீச்சர்" என்றார் தலைமையாசிரியை.

பேசும் நாளன்று திரையில் வெள்ளை முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. இவள் "குட் மார்னிங்" என்றாள். மனப்பாடம் செய்த மிச்சமெல்லாம் பறந்துபோனது. திரையில் இருந்த நார்வே பெண் ஒருத்தி என்ன செய்வதென்று தெரியாமல், காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த பெரிய மீனைத் தூக்கிப் பிடித்தாள்.

என் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. எங்கள் பக்கம் மீனைத் தூக்கிக் காட்டினால் அது விற்பதற்குத்தான்.

"மிஸ், செவுள காட்ட சொல்லுங்க மிஸ். ஐஸ்ல வச்ச பழைய மீனா இருக்கப் போவுது" என்றாள் இவள்.

"நீயே கேளு."

கேமரா முன்னால் போய் நின்றாள். "சிஸ்டர், ஓப்பன்" என்று சொல்லி, தன் தாடைக்குப் பின்னால் விரலை விட்டு இழுத்துக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. செவுளைத் தூக்கினாள். திரை முழுக்கச் செக்கச்செவேல் என்றிருந்தது.

"சூப்பரா கீது மிஸ், இன்னிக்கு புட்ச்சது" என்று வகுப்பே கத்தியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பெண்ணைப் பிடிக்க முடியவில்லை. "ஹூ கேட்ச்? யுவர் ஃபாதர்?"

இல்லை, அப்பா கடையில் வேலை செய்கிறார், படகு ஓட்டுவது அம்மா என்று பதில் வந்தது. நான் தமிழில் சொன்னேன். அவள் வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவுங்கம்மா போட் ஓட்டுதாம்பா."

எங்கள் கடற்கரையில் பெண்கள் மீன் விற்பார்கள். படகேறிக் கடலுக்குப் போவதில்லை. அவள் திரைக்கு இன்னும் பக்கத்தில் போனாள்.

"ஐ கம். யுவர் மதர் டீச் மீ போட்?"

அப்போது பார்த்து மணி அடித்தது. இணைப்பைத் துண்டிக்கப் போன என் கையைத் தலைமையாசிரியை பிடித்துக்கொண்டார்.

"இருங்க டீச்சர். கேட்டிருக்கா இல்ல, பதில் வரட்டும்."