இரண்டு கம்ப்யூட்டர் பார்த்த பொருத்தம்

எண்பதுகளின் கடைசியில் விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஜாதகக் கடையில் வேலை பார்த்தேன். பிறந்த நேரத்தைத் தட்டினால் கட்டம் போட்டு அச்சடித்துத் தரும். ஊருக்கெல்லாம் தாராளமாகப் பொருத்தம் சொன்ன அந்த மிஷின், என் முறை வந்தபோது பத்துக்கு ஐந்து என்று கையை விரித்துவிட்டது.

மாப்பிள்ளை திண்டிவனத்துக்காரர். புதுச்சேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. பெண் பார்க்க வந்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவருடைய அம்மாதான் இழுத்தார்.

"அது பழைய மிஷினும்மா. உங்க கடைக்குப் புதுசு வருதாமே, அதுல ஒருவாட்டி பாத்துக்கினு முடிவு பண்ணலாம்."

புதுசும் வந்தது. கலர் திரை, பளபளப்பு, எல்லாம் சரி. பழைய ஜாதக புரோகிராமைப் போட்டால் மட்டும் வேண்டாத விருந்தாளியைப் போல வாசலிலேயே நிறுத்தி வைத்தது. முதலாளிக்கு வியாபாரக் கவலை. எனக்கு இந்தச் சம்பந்தமே கைநழுவிவிடுமோ என்ற கவலை.

சேதி கேட்டு, மாப்பிள்ளை ஒரு ஃபிளாப்பியோடும் அம்மாவோடும் வந்து இறங்கினார். "இதப் போட்டா புதுசு, பழைய மிஷின் மாதிரியே நடிக்குங்க. உங்க புரோகிராம் நம்பி ஓடும்" என்றார்.

ஓடியது, பழைய மிஷினைவிட மெதுவாக. கலர் திரையில் வந்தது அதே ஐந்து. அதே புரோகிராம் வேறு எதைச் சொல்லும்? ஆனாலும் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அவருடைய அம்மா திரையை உற்றுப் பார்த்தார். "ரெண்டு மிஷினும் பேசி வச்சிக்கினா சொல்லும்? ஒண்ணாவே சொல்லுதுன்னா நெசமாத்தான் இருக்கும். பாதிக்குப் பாதி தேறுது இல்ல? ஜல்தியா தேதி வைங்க."

பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "அத்தை, இதுக்குள்ள ஓடறதும் அதே பழசுதாங்க" என்று உளறிவிட்டேன். மாப்பிள்ளை மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். அதுவரை அவருடைய அம்மாவை முறை வைத்துக் கூப்பிடாமல் 'வாங்க, உக்காருங்க' என்றே சமாளித்துக்கொண்டிருந்தவள் நான்.

"உள்ள எது ஓடுனா எனக்கு இன்னாம்மா?" என்று அவர் சிரித்தார். "நீதான் அத்தைன்னு கூப்ட்டுட்டியே."