சொல்லாமல் விட்ட முந்திரி

ஏற்காட்டில் எங்கள் சர்ச் விழாவில், பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் ஆரஞ்சு மஃபினை எல்லோரும் புகழ்ந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவளிடமே அளவு கேட்டு எழுதிக்கொண்டேன். மைதாவில் கால் பங்கைக் குறைத்து, முந்திரிப் பொடி சேர்த்தேன். அவளுடையதைவிட மெத்தென்று வந்தது. அவள் வாயாலேயே பாராட்டு வேண்டுமென்று கூப்பிட்டேன், மகளோடு வந்தாள்.

“நொம்ப நல்லாருக்குங்கக்கா! என்னங்க சேத்துனீங்க?”

“உன்ற அளவுதான் கண்ணு.” ரகசியத்தைச் சொல்ல மனம் வரவில்லை.

“அப்பப் பாப்பாவும் திங்கட்டும். முந்திரின்னாத்தான் அவளுக்கு மூச்சு முட்டிரும்.”

குழந்தையின் வாயருகே போன மஃபினைத் தட்டிவிட்டு, உண்மையைச் சொன்னேன்.

“கேட்டேனுங்களேக்கா...” என்றாள் ஸ்டெல்லா.

இப்போது யாருக்குக் கொடுத்தாலும், சேர்த்தவை அனைத்தையும் எழுதி டப்பாவில் ஒட்டுகிறேன். முதல் வரி, ‘செய்முறை: ஸ்டெல்லா’. அதை எழுதும்போது இன்னமும் வயிறு எரிகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.