கம்பியை மிதித்த பூஜை

எங்கள் பால்கனி தொங்குவதற்கு எங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் காரணம். வேறு யாரும் இல்லை.

பிழைக்க வந்த இந்த வடக்கத்தி ஊரில், கோந்த்வா பக்கம் மனை வாங்கி, சில குடும்பங்கள் சேர்ந்து மாடி மாடியாக வீடு கட்டினோம். தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். அதனால் எல்லாருக்கும் நான் அண்ணா. இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டு வந்தது மற்றவர்கள். மனிதர் வரைபடம் ஒழுங்காகத்தான் போட்டார். சைட்டுக்கு வருவதுதான் அவருக்கு ஆகாது. கம்பி கட்டி முடித்ததும் மேஸ்திரி போனில் வீடியோ எடுத்து அனுப்புவார். இவர் காரில் போய்க்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்புவார். சோதனை முடிந்தது.

ஆனால் ஸ்லாப் போடுகிற அன்று பூஜைக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார். தேங்காய், பால் பேடா, போட்டோ எல்லாம் உண்டல்லவா.

பால்கனிக்கு வெளிப்பக்கம் தூண் கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாங்கும் கம்பி கான்கிரீட்டின் மேல்பக்கத்தில் இருந்தாக வேண்டும்; இறங்கினால் பால்கனி தொங்கிவிடும். போசரியில் ஒரு பட்டறையில் இரும்பு வெட்டிப் பிழைக்கிற எனக்கே இது தெரியும். கம்பி கீழே இறங்காமலிருக்க, வளைத்த சின்னக் கம்பிகளால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று, எங்கள் எல்லாரையும் அந்தக் கம்பிகள் மேலேயே ஏற்றி வரிசையாக நிற்கவைத்தார் இந்த மகான். நடுவில் தானும் நின்றார், கையில் தேங்காய் மூடியோடு. முட்டுகள் மடங்குவது என் காலுக்குத் தெரிந்தது. சொன்னேன்.

"டென்ஷன் மத் லோ, அண்ணா", கவலைப்படாதே என்று தோளில் தட்டினார். கான்கிரீட் விழுந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடுமாம். கம்பி என்ன தெர்மாகோலா, மிதந்து மேலே வர? கலவை கொட்டுவதற்குள் அவர் கார் கிளம்பிவிட்டது.

வீடு முடிந்து குடிவந்த பிறகு, இந்த மழையில் பால்கனித் தண்ணீர் உள்பக்கக் குழாய்க்கு வராமல் வெளி ஓரத்தில் தேங்கியது. சுவரை ஒட்டி, தரையில் நீளமாக ஒரு விரிசல். நீச்சல் குளம் கட்டியிருக்கிறாயா என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டலடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பால்கனிக்கு நேர் கீழேதான் பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு நிற்கிறார்கள். என் மகளும்தான்.

துணிக்கூடையோடு கதவருகில் நின்ற என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, இதுல கால் வைக்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

இன்ஜினியருக்குப் போன் போட்டேன். விரிசலில் சிமெண்ட் பூசச் சொன்னார். நான் விடவில்லை. உடனே குரல் இறங்கியது. வீட்டுக்கு வருகிறாராம், டீ குடித்துக்கொண்டே நாம் இருவர் மட்டும் பேசிக்கொள்ளலாமாம். எங்கள் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எதுவும் எழுத வேண்டாமாம், பெயர் கெட்டுவிடுமாம்.

பால்கனிக் கதவைப் பூட்டிவிட்டேன். கீழே கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்திருக்கிறோம். குரூப்பிலும் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குடும்பங்களும் வாசலில் கூடுகிறோம். நீங்களும் வாருங்கள், இன்ஜினியர் சார். இது நிற்குமா, இடிக்க வேண்டுமா என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள். நிற்கும் என்றால், அதற்கு நேர் அடியில் நின்றுகொண்டு சொல்லுங்கள்.