ஒரே பெயரில் இரண்டு ஜன்னல்கள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு நிலையத்தில் அவளுக்குக் ‘கட்டளைக்காரி’ என்று பெயர் வைத்தவர்கள் கீழ்த்தளத்தில் போன் எடுக்கும் பெண்கள்தான். வைத்ததில் தப்பே இல்லை. மற்றவர்களெல்லாம் திரையில் தெரியும் சின்னப் படங்களைப் பார்த்து மவுஸைத் தட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்திலேயே கம்ப்யூட்டரை வேலை வாங்குவாள். தூரத்து இயந்திரம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்க ஒரு வார்த்தை, வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேட்க இன்னொரு வார்த்தை. வீட்டிலும் அதே தோரணைதான். “நம்ம வீட்டுல எண்டர் பட்டன் அவகிட்டதான் இருக்கு. தட்டினா நான் காய்கறி வாங்க ஓடணும்” என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கறுப்புத் திரையில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. எந்த இயந்திரத்தோடு பேசுகிறோமோ அதன் பெயர் வரியின் தொடக்கத்தில் நிற்கும். பக்கத்தில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். நாம் சொன்னதை அது செய்யும். சொல்ல நினைத்ததைச் செய்யாது. அழிக்கச் சொன்னால் ‘நிச்சயமா?’ என்று ஒரே ஒரு முறை கேட்கும். பழகின விரலோ கண் படித்து முடிப்பதற்குள் எண்டரைத் தட்டிவிடும். அதனால்தான் தன் கம்ப்யூட்டர் பிரிவில் யாரும் பெயரைப் படிக்காமல் கீபோர்டில் கை வைத்தால் கட்டளைக்காரி சும்மா விடமாட்டாள். பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிச் சொல்லியே எல்லோர் காதையும் புண்ணாக்கியிருந்தாள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று அவளைச் சொல்லவும் முடியாது. அன்றைக்கும் அவள் பெயரைப் படிக்கத்தான் செய்தாள்.

நடந்தது இதுதான். அவசர அழைப்புகளெல்லாம் கீழ்த்தளத்து ரௌட்டர் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வரும். அது ஒருநாள் பழுதானால் மாற்றி வைக்க வேண்டுமே என்று, அதன் அமைப்பு முழுவதையும் அப்படியே நகலெடுத்து, தன் மேசையிலிருந்த புது ரௌட்டரில் ஏற்றிச் சோதித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக வந்தது. அமைப்போடு பெயரும் சேர்ந்து வந்துவிட்டதை மட்டும் அவள் கவனிக்கவில்லை. இப்போது திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள். இரண்டிலும் ஒரே பெயர். சோதனை முடிந்ததும் மேசை ரௌட்டரைத் துடைத்துவிட நினைத்து, முன்னால் நின்ற ஜன்னலில் பெயரைப் படித்து, அழிக்கச் சொன்னாள். நிச்சயமா என்றது. எண்டர். மறுபடி தொடங்கு என்றாள். எண்டர்.

மேசை ரௌட்டரின் பச்சை விளக்கு அணையவே இல்லை.

அணைந்திருக்க வேண்டும். அவள் அந்த விளக்கையே வெறித்துப் பார்த்தாள். அழித்தது கீழ்த்தளத்து ரௌட்டரை என்று பிறகுதான் உறைத்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின யானை யார் மேல் விழுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. லேப்டாப்பையும் நீல வயரையும் அள்ளிக்கொண்டு படிகளில் ஓடினாள். இந்த நேரத்தில் யாரும் கூப்பிட்டிருக்கக் கூடாது, ஒருவர்கூடக் கூப்பிட்டிருக்கக் கூடாது. அது ஒன்றுதான் மனசில் ஓடியது.

கீழே கூச்சலும் குழப்பமுமாக இருக்கும் என்று நினைத்து ஓடியவளுக்கு, அங்கே இருந்த நிம்மதிதான் பேரிடியாக இறங்கியது. பெண்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். யாரோ சொன்ன ஜோக்குக்கு ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அடிக்காத போனைப் பார்த்து, ஆபத்து இல்லையா, லைன் இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்?

“வா, வா. இன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலை போல. இப்படி ஒரு நாள் வந்து எவ்வளவு காலமாச்சு” என்று அவர்களில் மூத்தவளான பெரியக்கா ஒரு சுளையை நீட்டினாள்.

“லைன் இல்லக்கா. நான்தான் அழிச்சுட்டேன்.”

சிரிப்பு அப்படியே நின்றது. நீட்டின கையை மடக்கக்கூடப் பெரியக்காவுக்குத் தோன்றவில்லை.

கட்டளைக்காரி ரௌட்டரில் வயரைச் சொருகினாள். வரியின் தொடக்கத்தில் அந்தப் பெயர் இல்லை. பிறந்த குழந்தை மாதிரி ஒன்றும் அறியாமல் இருந்தது. நகலை எடுத்து ஏற்றினாள். வரிகள் மளமளவென்று ஓடின. ஒவ்வொரு வரியையும் படித்தாள். கடைசி வரி முடிந்து, விளக்கு பச்சையானதுமே போன் அடித்தது. பெரியக்கா ஸ்பீக்கரைப் போட்டாள்.

ஓர் ஆண் குரல். கோபமே இல்லை. “அப்பலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருந்தேம்மா. ரிங்கே போகல.”

“மன்னிச்சுக்குங்க ஐயா. இதோ, இப்பவே வண்டியை விரட்டச் சொல்றேன்” என்றாள் பெரியக்கா.

“விரட்ட வேண்டாம்மா. மெதுவாவே வரட்டும்” என்றார் அவர். “இனிமே அவசரமில்ல.”

முகவரி கேட்க வேண்டும். கட்டளைக்காரி மைக்கைத் தன் பக்கம் இழுத்து, தெருவையும் வீட்டு எண்ணையும் கேட்டாள். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். பிறகு வெளியே போய், புறப்படவிருந்த வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.