கம்ப்யூட்டருக்கு பைப் அடித்த என் அண்ணன்

"எந்த வண்டிக்கு தங்கச்சி?"

சனிக்கிழமை காலையில் மாத்தளை டவுன் பேட்டரி கடையில் என்னிடம் கேட்ட கேள்வி இது.

நான் வாங்கப் போனது இரண்டு போத்தல் டிஸ்டில் வாட்டர்.

"வண்டிக்கு இல்லங்க. கம்ப்யூட்டருக்கு."

கடைக்காரர் போத்தலைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். (பாவம், பயந்துவிட்டார் போல!)

விஷயம் இதுதான். வீடுகளுக்கு 3டி டிசைன் வீடியோ செய்வது என் வேலை. ஆபிஸ் கொழும்பில். நான் அலுவிகாரையில், எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே.

மதியமானால் என் கம்ப்யூட்டர் தொண்ணூற்றேழு டிகிரிக்கு ஏறி, வீடியோ பாதியில் இருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். ஒரே வாரத்தில் மூன்று தடவை!

வெள்ளிக்கிழமை ஆபிஸ் மேடம் எனக்குப் போன் எடுத்தார்.

"திங்கக்கிழம காலையில வீடியோ எனக்கு வந்துறணும். அங்க முடியலன்னா கொழும்புக்கே வந்துருங்க. இங்க ஏசி இருக்கு. போர்டிங் ஒன்னு பாத்துத் தாறேன்."

போர்டிங்! மூன்று வருஷம் அப்படி ஒரு வாடகை அறையில் கிடந்து, தாங்க முடியாமல்தான் ஊருக்கு ஓடி வந்தேன். திரும்பப் போக மாட்டேன். போகவே மாட்டேன்.

ஆறு மாதமாக ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்த சாமான் அலுமாரியில் இருந்தது. பம்ப், ரேடியேட்டர், ப்ராசஸர் மேலேயும் கிராபிக்ஸ் கார்ட் மேலேயும் பூட்டுகிற வாட்டர் பிளாக், டியூப், எட்டு ஃபிட்டிங்.

தண்ணீர் சுற்றி வந்து சூட்டை எடுத்துக்கொண்டு போய் ரேடியேட்டரில் ஆறும். அவ்வளவுதான் கதை. தைரியம் மட்டும்தான் இல்லாமல் இருந்தது. மேடத்தின் போனில் அதுவும் வந்துவிட்டது!

என் அண்ணன் செல்வா பிளம்பர். மாத்தளையிலிருந்து நாலந்தா வரைக்கும் எத்தனையோ வீட்டுக்குப் பைப் அடித்தவன்.

"கரண்டு ஓடுற பெட்டிக்குள்ள தண்ணிய விடப் போறியா? உனக்கென்ன பைத்தியமா புள்ள?"

"கொழும்புக்குப் போறதுக்கு இது எவ்வளவோ மேல் அண்ணே."

அன்றைய வேலைக்குப் போகாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

நான் பிளாக்குகளைப் பூட்டினேன், டியூப்பை அளந்து வெட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

"நீ போய் டீ குடிச்சிட்டு வா. ஃபிட்டிங்க நான் பூட்டி வைக்கிறேன்."

"கையால இறுக்குனா போதும் அண்ணே. ஸ்பேனர் வேணாம்."

"எனக்கா சொல்லித் தாற?"

(அங்கேதான் நான் ஏமாந்தேன்!)

தண்ணீர் ஊற்றி, மற்ற எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட விட்டேன். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ வைத்திருந்தேன்.

ஐந்தாவது நிமிஷம் கிராபிக்ஸ் கார்ட் பக்கத்து டிஷ்யூ நனைந்தது.

இறுக்கினேன். இன்னும் நனைந்தது!

பம்பை நிறுத்தி, தண்ணீரை எல்லாம் வடித்து, அந்த ஃபிட்டிங்கைக் கழற்றிப் பார்த்தால்... வெள்ளை வெளேரென்று த்ரெட் டேப்! ரப்பர் ரிங் நசுங்கி, வெட்டுப்பட்டுக் கிடந்தது.

"அண்ணே, என்னது இது?"

"டேப்பு."

"டேப்புன்னு தெரியுது! யாரு சுத்தச் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? டேப்பு சுத்தாம எவனாவது பைப் அடிப்பானா?"

"இது வீட்டு பைப் இல்ல! இதுல தண்ணிய நிப்பாட்டுறது மரை இல்ல, இந்த ரிங்குதான்! டேப்பு இருந்தா ரிங்கு ஒழுங்கா உக்காராது! எத்தனைக்கு சுத்துன?"

"எட்டுக்கும்தான்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "நான் கொழும்புக்குப் போய்த் தொலையணும்னே செய்றியா?" என்று கத்திவிட்டேன்.

அண்ணன் முகம் செத்துப்போனது.

"போயிடக் கூடாதுன்னுதான் புள்ள இவ்வளவு சுத்துனேன். மத்தவங்க வீட்டுக்கு இதுல பாதிதான் சுத்துவேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. எட்டு ஃபிட்டிங்கையும் கழற்றினோம்.

பிளாக்குக்குள் ஒரு துணுக்கு போனாலும் அடைத்துக்கொள்ளும் என்றேன். அண்ணன் ஊசியை எடுத்து, மரை மரையாக டேப்பை உரித்தான். அதற்கே இரண்டு மணி நேரம் ஆனது. நான் கார்டைத் துடைத்து, காற்றாடிக்கு முன்னால் காய வைத்தேன்.

வெட்டுப்பட்ட ரிங்குக்குப் பதிலாக அவன் பையில் இருந்த ரிங் ஒன்று அச்சாகப் பொருந்தியது!

பூட்டி முடித்ததும் போத்தலை எடுத்தேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தண்ணிய விடாத. மொதல்ல காத்த விடு."

"எதுக்கு?"

"செவுரு பூசுறதுக்கு முந்தி நாங்க பைப்புல பிரஷர் ஏத்தி மீட்டரப் பாப்போம். முள்ளு எறங்குனா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். காத்துன்னா ஒழுகுனாலும் உன் கார்ட் நனையாதுல்ல?"

இதை நெட்டில் நானும் படித்திருந்தேன். தேவையில்லை என்று தாண்டிப் போனதும் நானேதான். (பிளம்பர் ஜெயித்த இடம்!)

"கொஞ்சமா ஏத்துண்ணே! வெடிச்சிரும்!"

தன் மீட்டரைப் பூட்டி, சைக்கிள் பம்பால் மெதுவாக ஏற்றினான். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பிட வாங்க என்று அம்மா மூன்று தடவை கூப்பிட்டார். முள் அசையவே இல்லை! அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல உச்சி வெயிலில், வேண்டுமென்றேதான், வீடியோவை ஓட விட்டேன். மேலே தகரம் கொதித்தது. கம்ப்யூட்டர் அறுபத்தாறு டிகிரி. அதற்கு மேல் ஏறவில்லை. சாயங்காலம் முழு வீடியோவும், 'ஆள் ஒருத்தர வச்சு வாட்டர் கூலிங் பூட்டிட்டேன்' என்று ஒரு மெசேஜும் மேடத்துக்குப் போய்விட்டன!!!

இன்று காலை மேடம் பேசினார்.

"வீடியோ சூப்பர். நீங்க அங்கயே இருந்து வேல செய்ங்க, வர வேணாம்."

நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன்.

"ஆனா ஒரு உதவி வேணும். ஏசி போட்டும் இங்க ரெண்டு மெஷின் சூடாகி நிக்குது. உங்க டெக்னீஷியன கொழும்புக்கு அனுப்புவீங்களா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. டெக்னீஷியன் ரொட்டியை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"போறியா அண்ணே?"

கொஞ்ச நேரம் மென்றான். விழுங்கினான்.

"டேப்பு எத்தன ரோல் வேணும்னு கேளு."