மேடம் நிறுத்திட்டாங்க

செவ்வாய்க்கிழமை காலை விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் செல்வராணி அவர்களின் கணவர் போன் செய்தார். "சார், அவங்க போயிட்டாங்க சார். குளிக்கப் போனவங்க அங்கயே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு" என்றார். நடத்துநர் டிக்கெட் கேட்டு இரண்டு முறை தோளைத் தட்டினார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். செல்வராணியும் நானும் பதினெட்டு வருடங்கள் ஒரே அறையில் உட்கார்ந்து, ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு மென்பொருள் எழுதியவர்கள். திண்டிவனத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடி அறைதான் எங்கள் அலுவலகம். விழுப்புரம், முகையூர் வட்டாரத்தில் யாராவது சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்து அச்சடித்த சீட்டு வாங்கியிருந்தால், அதில் அவருடைய உழைப்பு இருக்கக்கூடும்.

அவர் பிரம்மதேசத்து விவசாயக் குடும்பம். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருவரும் விஷுவல் பேசிக் என்ற கணினி மொழியைச் சொல்லிக்கொடுத்தோம். சென்டர் மூடியதும், தெரிந்த அந்த ஒரு மொழியை நம்பியே சொந்தத் தொழிலில் இறங்கினோம். கடைசி வரை அவர் எனக்கு மேடம், நான் அவருக்கு சார். பேச்சில் மரியாதை குறையாதே தவிர, சண்டைக்குப் பஞ்சமே இல்லை. வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, பையோடு மேசையில் வைத்துவிட்டு, "தின்னுக்கினே திட்டுங்க சார்" என்பார்.

விஷுவல் பேசிக்கில் ஒரு வரி உண்டு. தவறு வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று கணினிக்குச் சொல்லும் வரி. அதை ஒவ்வொரு பகுதியின் தலையிலும் போட்டுவிடுவது என் பழக்கம். பிள்ளையார் சுழி மாதிரி, யோசிக்காமல் போடுவேன். புரோகிராம் எங்கேயும் நிற்காது, லேப்காரர்கள் போன் செய்ய மாட்டார்கள், நிம்மதி.

நாலு வருடங்களுக்கு முன்னால், புதிய கணினிகளில் எங்கள் பழைய மென்பொருள் தகராறு செய்ய ஆரம்பித்தது. எல்லாவற்றையும் டாட் நெட்டுக்கு மாற்றி, சி ஷார்ப் என்ற புதிய மொழியில் எழுதிவிடலாம் என்றார் செல்வராணி. எனக்கு எரிச்சல். "ஓடறத எதுக்குங்க தொடணும்?" என்றேன்.

"ஓடுது சார். எப்படி ஓடுதுன்னு நமக்கே தெரியலியே" என்றார்.

தானாக மாற்றித்தரும் கருவி ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அது ஆயிரக்கணக்கில் எச்சரிக்கைகளைக் கொட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. வேறு வழியில்லை. அவர் பழைய நிரலை வரிவரியாக வாய்விட்டுப் படிப்பார், நான் புதிய மொழியில் எழுதுவேன். இப்படியே இரண்டு வருடங்கள். அப்பப்பா! நாற்பதைத் தாண்டிய பிறகு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிப்பது எவ்வளவு பெரிய அலுப்பு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

புதிய மொழியில் என் அருமை வரிக்கு இடமில்லை. தவறு வந்தால் புரோகிராம் நின்றுவிடும். ஆகவே, தவறைப் பிடித்து எதுவும் செய்யாமல் விட்டுவிடும்படி எழுதினேன். பழக்கம் சும்மா விடுமா? செல்வராணி படிப்பதை நிறுத்தினார்.

"சார், இந்தத் தப்பு வந்தா பழசுல இன்னா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க."

"பாத்துடலாம்" என்று பழைய மென்பொருளைத் திறந்தார். முதல் ஆளுக்குச் சர்க்கரை 310 என்று போட்டார். அடுத்த ஆளுக்கு எண்ணின் நடுவே புள்ளியை வேண்டுமென்றே இரண்டு முறை அழுத்தினார். அவசரத்தில் யார் கைக்கும் வரக்கூடிய பிழைதான். கணினி அதை எண்ணாக ஏற்கவில்லை. ஆனால் என் வரி இருக்கிறதே, கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போனது. சீட்டு அச்சாகி வந்தது. இரண்டாவது ஆளுக்கும் 310. முந்தைய ஆளின் எண்ணே அதில் தங்கியிருந்தது.

எத்தனை வருடங்கள், எத்தனை பேருக்கு இப்படி நடந்ததோ தெரியாது. சத்தமில்லாமல் புதியதை மாட்டிவிடலாம், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றேன். இதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

"நமக்குப் பேஜாருன்னு மூடிக்கினு இருக்கலாம் சார். எங்க அப்பா மாசாமாசம் நம்ம சாப்ட்வேர் ஓடற லேபுலதான் ரத்தம் குடுக்கறாரு. உங்க வீட்டுலயும் அங்கதான் குடுக்கறாங்க. பழைய சீட்டெல்லாம் லேப்காரங்க சரிபாக்கணும்னா, நாம போய்ச் சொல்லணும்."

போனோம். முதலில் விழுப்புரத்தில் ஒரு லேப். அதன் உரிமையாளர் நாற்காலியை விட்டு எழுந்து, "எவன்யா இத எழுதினது?" என்று கத்தினார். நான் தரையைப் பார்த்தேன். செல்வராணி, "நாங்க ரெண்டு பேரும் எழுதினதுங்க. எங்க தப்பு. எல்லாத்தையும் கூட இருந்து சரிபாத்துத் தர்றோம்" என்றார். திரும்பும்போது பேருந்தில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "சாப்ட்வேரத் திறந்தவுடனே நம்ம ரெண்டு பேர் பேருதானே சார் வருது" என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனார்.

ஒவ்வொரு லேபிலும் அவர் சொன்னது அதே வார்த்தை. சிலர் எங்களை விட்டுப் போனார்கள். அந்த வரி யாருடையது என்று யாரிடமும், கோபத்தில்கூட, அவர் சொன்னதில்லை.

புதிய மென்பொருளில் தவறு வந்தால் வரும் செய்திகளை அவரே எழுதினார். பிழைக்கு ஒரு குறியீட்டு எண் போதும் என்றேன், கேட்கவில்லை. "கொஞ்சம் நில்லுங்க. இந்த எண் சரியில்லை. சீட்டைப் பாத்து மறுபடி போடுங்க" என்று, அவர் பேசுகிற மாதிரியே வரும். லேப் பெண்களுக்குச் சிரிப்பு. "மேடம் நிறுத்திட்டாங்க" என்பது அவர்களுக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

போன மாதம் மாடிப்படியில் பாதியில் நின்று, "ரொம்பக் களைப்பா இருக்குது சார். மூச்சு வாங்குது" என்றார். "எனக்கும்தாங்க. முகையூர் லேப் ஒண்ணுதான் பாக்கி, ஜல்தியா முடிச்சிடலாம்" என்றேன். அவர் மெல்ல ஏறி வந்து உட்கார்ந்தார். நான் கணினியைத் திறந்தேன். ஐயோ, அங்கேயே நின்றிருக்க வேண்டும். டாக்டரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். அன்றைக்கும் நான் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குத்தான் போனேன்.

காரியம் முடிந்த மறுநாள் முகையூருக்குத் தனியாகப் போனேன். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். திறந்ததும் இரண்டு பெயர்களும் வந்தன. லேப் பெண் கையால் குறித்திருந்த முதல் சீட்டை எடுத்து எண்களைத் தட்டினார். மூன்றாவது எண்ணில் கணினி நின்றது. புள்ளி இரண்டு முறை விழுந்திருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க" என்று திரையில் வந்தது.

மேடம் போன விஷயம் தெரியாத அந்தப் பெண், மற்ற லேப் பெண்களிடம் கேட்டிருந்த பேச்சை வைத்து, "பாருங்க சார், மேடம் நிறுத்திட்டாங்க" என்று சிரித்தார். "சும்மா சும்மா நிக்குமா சார் இது? எடுத்துட முடியாதா?"

"முடியாதும்மா" என்றேன். அவர் சீட்டைப் பார்த்து மறுபடி போட்டார். நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

போய் வாருங்கள், மேடம். அந்த வரி என்னுடையது. விழுப்புரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது அது.