கட்டாத சுவரும் ஒரு சாட்சியும்

விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தபோது இன்ஸ்பெக்டர் தாமோதரன் என் அறைக்குள் வந்து, உட்காராமலேயே சொன்னார். "மேடம், நம்ம சாட்சி நல்லம்மாளோட மிளகுக் கொடியெல்லாத்தையும் வெட்டிட்டாங்க. மரத்தைத் தொடல. கொடியை மட்டும் அடியோட அறுத்துட்டுப் போயிருக்காங்க."

நான் அப்போது மத்திய அரசின் ஊழல் கண்காணிப்பு அலுவலகம் ஒன்றில் அரசு வழக்கறிஞர். பதினாறு வருடம் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சட்டப் பிரிவுகள் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது பயத்தைப் பற்றி. அதற்கு இந்த ஒரு வழக்கு போதும்.

1. கட்டியாச்சும்மா

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம், மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கான்ட்ராக்டர் ரோடு போட்டார். சரிவான ஓர் இடத்தில் தடுப்புச் சுவர் கட்டியதாக, முடிந்த வேலையை அளந்து பதியும் மெஷர்மென்ட் புக்கில் எழுதி, இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருந்தார். சுவர் கட்டப்படவே இல்லை. அடுத்த மழையில் ரோட்டின் ஓரம் சரிந்து, செம்மேடு சந்தைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப் போன ஜீப் உருண்டது. அதில் இறந்துபோனவர் நல்லம்மாளின் தங்கை.

நல்லம்மாளின் தோட்டம் அந்த ரோட்டை ஒட்டி இருக்கிறது. இன்ஜினியர் அளவெடுக்க வந்த நாளில் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். சொம்பை நீட்டிக்கொண்டே நல்லம்மாள், "சுவரு எப்பங்க கட்டுவீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே, "கட்டியாச்சும்மா" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் வழக்கு. சுவர் இல்லை என்பதை யாரும் போய்ப் பார்க்கலாம். மழையில் அடித்துப் போய்விட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். கட்டவே இல்லை என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார் என்பதற்கு நல்லம்மாளை விட்டால் சாட்சி கிடையாது.

சம்மன் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். தயங்கி நின்றவரிடம், "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நான் இருக்கேன்" என்று சொன்னேன். எந்த அதிகாரத்தில் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2. செம்மேட்டில் ஒரு டீ

கொடியை வெட்டிய செய்தி வந்த மறுநாள் காலையே தாமோதரனும் நானும் மலையேறினோம். செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காரை நிறுத்தினோம். தாமோதரன் தாலுகா ஆபீசுக்குள் ஒரு நகல் வாங்கப் போனார். நான் டீக்கடையில் டீ சொல்லிவிட்டு நின்றேன்.

பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நாற்பது வயது இருக்கும். கைகூப்பி வணக்கம் சொன்னார்.

"ஏனுங்க மேடம், கேஸ் விசயமா வந்தீங்களா? மலையில குளிரு சாஸ்திங்க. சால்வை கொண்டாந்திருக்கலாமுங்க."

நான் டீ கிளாசைக் கையில் வாங்கினேன்.

"பாப்பா அஞ்சே கால் பஸ்ஸுலதானுங்களே காலேஜுல இருந்து ஊட்டுக்கு வருது? கூட்டமா இருக்குமுங்க. பாத்து வரச் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி எண்ணைப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எத்தனை சாட்சிகளிடம் "வண்டி நம்பரைக் கவனிச்சீங்களா?" என்று கூண்டில் வைத்துக் கேட்டிருக்கிறேன்.

தாமோதரனிடம் அப்போது சொல்லவில்லை. மகளுக்குப் போன் செய்தேன்; வகுப்பில் இருந்திருப்பாள், எடுக்கவில்லை. அங்கிருந்து வாழவந்தி நாடு போய்ச் சேரும்வரை பின்னால் ஏதாவது பைக் வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

3. தோட்டத்தில்

சில்வர் ஓக் மரங்கள் நேராக நின்றன. அவற்றில் படர்ந்திருந்த கொடிகள் வாடித் தொங்கின. இலைகள் துவண்டிருந்தன. நல்லம்மாள் அழவில்லை. "மறுக்கா காய்க்க நாலஞ்சு வருசம் ஆகுமுங்க" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"நான் இருக்கேன்னு சொன்னீங்க. இதை அறுக்கறப்ப நீங்க எங்கிங்க இருந்தீங்க?"

வெட்டுப்பட்ட ஒரு கொடியை எடுத்துப் பார்த்தேன். அவரே கேட்டார்: "உங்களுக்குப் பயமில்லீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

"ரோட்டையே திரும்பித் திரும்பிப் பாக்கறீங்களே."

ரோட்டில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. செம்மேட்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். தாமோதரனும் அப்போதுதான் அதைக் கேள்விப்பட்டார்.

"சாட்சி சொல்ல வரணும்னு சட்டம் சொல்லுது. நீங்க வரலேன்னா கேஸ் தோத்துரும். ஆனா வரலேன்னா நான் உங்களைத் தப்பா நினைக்க மாட்டேன்" என்றேன். ஒரு அரசு வழக்கறிஞர் சாட்சியிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. நல்லம்மாள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

திரும்பியதும் சாட்சிப் பாதுகாப்புக்கு மனு எழுதினேன். எனக்கு வந்த மிரட்டலையும் சேர்த்து எழுதினேன். எங்கள் மேலதிகாரி படித்துவிட்டு, "உங்க சமாச்சாரம் எதுக்கு? பயந்துட்டாங்கன்னு ஆயிரும்" என்றார். "பயந்துதான் சார் இருக்கேன்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். நல்லம்மாள் வீட்டுக்குக் காவல் போட உத்தரவு வந்தது. என் மகளை விசாரணை முடியும்வரை அவளுடைய அப்பாவே கொண்டுபோய் விட்டு அழைத்து வந்தார்.

4. கூண்டில்

விசாரணை நாளில் பத்தரை மணிக்கு நல்லம்மாளின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. காவலுக்கு இருந்த பெண் கான்ஸ்டபிளைப் போனில் பிடிக்க முடியவில்லை. அவர்களுக்கென்று அனுப்பிய ஜீப் காலியாகத் திரும்பி வருகிறது என்று தாமோதரன் வந்து என் காதில் சொன்னார். குற்றம் சாட்டப்பட்ட இன்ஜினியரும் கான்ட்ராக்டரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் என் கண்ணுக்குள் வந்து போனது. நீதிபதியிடம் ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டேன்.

பதினொன்றேகாலுக்கு நல்லம்மாள் வந்தார். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்திருந்தார். கூடவே அந்தப் பெண் கான்ஸ்டபிள்.

"ஜீப்புல தனியா வரப் பயமுங்க. பஸ்ஸுன்னா அம்பது பேரு இருப்பாங்க. அதான் பஸ்ஸுலயே வந்துட்டோம்" என்றார்.

தண்ணீர் சொம்பிலிருந்து "கட்டியாச்சும்மா" வரை ஒன்றுவிடாமல் சொன்னார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு சீனியர் வக்கீல் கேட்டார்: "அரசு வழக்கறிஞர் உங்க ஊட்டுக்கே வந்து, என்ன சொல்லணும்னு சொல்லிக்குடுத்தாங்க. சரிதானே?"

"இல்லீங்க. வரலேன்னாலும் தப்பா நினைக்க மாட்டேன்னுதானுங்க சொன்னாங்க."

அது என் வேலைக்கே உலை வைக்கக்கூடிய பதில். சீனியர் வக்கீல் மேற்கொண்டு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். சொல்லிக்கொடுத்து அழைத்து வந்தார்கள் என்ற வாதம் அத்தோடு முடிந்தது. நீதிபதி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அந்தப் பதிலைப் பதிவு செய்தார்.

இன்ஜினியருக்குத் தண்டனை கிடைத்தது. கான்ட்ராக்டர் சந்தேகத்தின் பலனில் விடுதலையானார். டீக்கடைக்கு வந்தவர் யாரென்று தாமோதரனால் கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை.

இதில் நான் கற்றது ஒன்றுதான். நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தர முடியாத எதையும் சாட்சிக்கு வாக்காகத் தராதீர்கள். சாட்சி முன்னால் உட்கார்ந்ததும் வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். யார் யார் வந்து பேசினார்கள், எப்படிச் சிரித்தார்கள், போகிற வழியில் யார் வீடு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பயமாக இருக்கிறதா என்று அவர் உங்களைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

அப்பீல் இன்னும் நடக்கிறது. இன்ஜினியர் ஜாமீனில் இருக்கிறார். நல்லம்மாள் அதே ஊரில், அதே ரோட்டோரத்தில்தான் குடியிருக்கிறார். மாதம் ஒருமுறை அவரைப் போனில் கூப்பிடுகிறேன். தோட்டத்தில் இருந்தால் எடுக்க நேரமாகும். எடுத்து, "சொல்லுங்க மேடம்" என்று அவர் சொல்லும்வரை எனக்கு உட்காரத் தோன்றுவதில்லை.